கண்காணிப்புடன் கூடிய இயற்கைத் தணிவு: நிலத்தடி நீர் மாசுக்கு அனுமதி பெறப் படிப்படியான வழிகாட்டி

எங்கள் வளாகத்தில் நிலத்தடி எரிபொருள் தொட்டி ஒன்று கசிந்திருப்பது தெரியவந்தபோது ஆலோசகர்கள் பல வழிகளைச் சொன்னார்கள். நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம், மண்ணுக்குள் காற்றைச் செலுத்தலாம், மண்ணையே தோண்டி எடுக்கலாம் என்றார்கள். கடைசியாக இன்னொன்றும் வந்தது: நிலத்தடியில் வாழும் நுண்ணுயிரிகளே பெட்ரோலை மெல்லச் சிதைத்துவிடும், நாம் தொடர்ந்து அளந்து வந்தால் போதும். அந்த முறைக்குத்தான் ‘கண்காணிப்புடன் கூடிய இயற்கைத் தணிவு’ என்று பெயர். கேட்க எளிதாக இருந்தது. விண்ணப்பித்தோம். பதினொரு கேள்விகளோடு கோப்பு திரும்பி வந்தது. மறுபடி தயாரித்து அனுமதி வாங்குவதற்குள் மூன்று ஆண்டுகள் போயின. அதில் பாதிக்கு மேல் வீணான காலம். முன்பே யாராவது சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும். இந்த வேலையில் முதன்முறையாக இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அனுமதி தரும் அலுவலகம் இதைச் சும்மா இருப்பதற்கான அனுமதியாகப் பார்ப்பதில்லை. வேறு எந்தத் தூய்மைப் பணியையும் போல இதற்கும் இலக்கு, காலக்கெடு, பொறுப்பாளர், பலிக்காவிட்டால் மாற்று வழி ஆகிய எல்லாம் எழுத்தில் வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1999 ஏப்ரலில் வெளியிட்ட வழிகாட்டு உத்தரவு இதைத் தெளிவாக வகுத்துச் சொல்கிறது. உங்களுக்குப் பொருந்துவது உங்கள் நாட்டு விதிதான். ஆனாலும் அந்த உத்தரவை ஒருமுறை படித்துவிட்டு உங்கள் விதிகளுக்கு வந்தால், பரிசீலனை அலுவலர் ஏன் அப்படிக் கேட்கிறார் என்பது விளங்கும்.

மாசு கலந்த நீர், கசிந்த இடத்திலிருந்து நீரோட்டத் திசையில் நாக்குப் போல நீண்டு கிடக்கும். அதைக் கீழே ‘மாசுத்திரள்’ என்று குறிப்பிடுகிறேன்.

1. உங்கள் மாசு இந்த வழிக்கு ஏற்றதா?

பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகிய பெட்ரோல் சேர்மங்கள் என்றால் வாய்ப்பு நல்லது. பல வகை மண்ணில் இவற்றைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் உண்டு.

ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற குளோரின் கரைப்பான்கள் என்றால் எச்சரிக்கை தேவை. இவை படிப்படியாகக் குளோரினை இழந்து சிஸ்-டைகுளோரோஎத்திலீன், வினைல் குளோரைடு, கடைசியில் எத்தீன் என்று மாறும். நடுவில் வரும் வினைல் குளோரைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள். அமெரிக்கக் குடிநீர் வரம்பில் ட்ரைகுளோரோஎத்திலீனுக்கு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம், வினைல் குளோரைடுக்கு 2 மைக்ரோகிராம். அதாவது மாசு ‘குறைகிறது’ என்று நீங்கள் மகிழும் நேரத்தில் நீர் முன்பைவிட ஆபத்தானதாகியிருக்கலாம்.

இங்கே பலர் விழும் குழி ஒன்று உண்டு. 131 மைக்ரோகிராம் ட்ரைகுளோரோஎத்திலீன் முழுவதும் வினைல் குளோரைடாக மாறினால் 62.5 மைக்ரோகிராம்தான் வரும். எடையில் பாதி போய்விட்டது போலத் தோன்றும். உண்மையில் மூலக்கூறுகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது. ஆகவே குளோரின் சேர்மங்களுக்கு எல்லா அட்டவணையையும் மைக்ரோமோல் கணக்கிலும், அதாவது எடையை விட்டு மூலக்கூறு எண்ணிக்கையை அளக்கும் அலகிலும் போடுங்கள். எத்தீனையும் அளக்கச் சொல்லி ஆய்வகத்திடம் கேளுங்கள்; கேட்காவிட்டால் பெரும்பாலும் அளக்க மாட்டார்கள்.

உலோகங்கள் சிதைவதில்லை, மண்ணில் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவே. அமிலத்தன்மை மாறினால் அந்த ஒட்டு விட்டுப்போகவும் கூடும். அதனால் மண்ணின் கொள்ளளவும், பிடித்த உலோகம் பிடித்தபடி நிற்குமா என்பதும் தனியே நிரூபிக்கப்பட வேண்டும். இதற்கென அதே முகமை 2015-இல் தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. பிஎஃப்ஏஎஸ் எனப்படும், எளிதில் சிதையாத செயற்கை ஃபுளோரின் சேர்மங்கள் என்றால் சிதைவை நம்பி இந்த வழியில் வராதீர்கள்.

2. மூலத்தை முதலில் அகற்றுங்கள்

எங்கள் முதல் விண்ணப்பம் திரும்பியதற்கு முதல் காரணம் இதுதான். தொட்டியைத் தோண்டி எடுத்திருந்தோம். ஆனால் அதைச் சுற்றி எண்ணெய் ஊறிய மண்ணை அப்படியே விட்டிருந்தோம். நீர்மட்டம் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்த மண்ணிலிருந்து பென்சீன் கரைந்து வந்துகொண்டே இருந்தது. ஊற்றுக்கண் திறந்திருக்கும்போது குளம் வற்றுவதை எப்படிக் காட்டுவது?

இதற்கான ஆவணங்களைக் கையோடு சேர்த்து வையுங்கள்: தொட்டியும் குழாயும் அகற்றப்பட்ட சான்று, தோண்டிய குழியின் சுவர்களிலும் அடியிலும் எடுத்த மண் மாதிரி முடிவுகள், வெளியேற்றிய மண் எங்கே போனது என்பதற்கான எடைச்சீட்டுகள், மிதக்கும் எண்ணெயை அகற்றிய பதிவு. எடைச்சீட்டு இல்லாத மண் அகற்றப்பட்ட மண்ணாகக் கணக்கில் வராது. எங்களிடம் இரண்டு லாரி மண்ணுக்குச் சீட்டு இல்லை. அதற்காகவே ஒரு குழியை மறுபடி தோண்டி மாதிரி எடுத்தோம்.

3. விண்ணப்பத்துக்கு முன்பே ஒரு சந்திப்பு

எந்த அளவை இலக்காக வைப்பது, எந்த ஆய்வக முறையை ஏற்பார்கள், எத்தனை சுற்று அளவீடு வேண்டும் என்ற மூன்றையும் அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். திரும்பி வந்ததும், பேசியதைச் சுருக்கமாக எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள். அலுவலர் மாறினாலும் அந்தக் கடிதம் நிற்கும்.

4. கிணறுகள்: இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள்

நீர் எந்தத் திசையில் ஓடுகிறது என்று தெரிய ஒரே கோட்டில் அமையாத மூன்று கிணறுகளாவது வேண்டும். அனுமதிக்கு அது போதாது. கசிவுக்கு மேல்பக்கம், அதாவது நீர் வரும் திசையில் ஒன்று, கசிந்த இடத்தில் ஒன்று, மாசுத்திரளின் நடுக்கோட்டில் சில, இரு பக்கங்களிலும் ஓரிரண்டு, நுனிக்கு அப்பால் ஒன்று. இவை தவிர, குடிநீர்க் கிணறோ ஓடையோ இருக்கும் பக்கத்தில் ஒரு காவல் கிணறு. ஆழத்திலும் மாசு இறங்கியிருக்கலாம் என்பதால் ஓரிடத்திலாவது அடுத்தடுத்த ஆழங்களில் தனித்தனிக் கிணறு கேட்பார்கள்.

கிணற்றுக்குள் நீர் நுழையும் துளைகள் கொண்ட வடிகட்டிக் குழாய் நீளமாக இருந்தால் மேலும் கீழும் உள்ள நல்ல நீர் கலந்து மாசு குறைவாகத் தெரியும். அது தணிவு ஆகாது. பழைய பாசனக் கிணற்றையோ ஆழ்துளைக் கிணற்றையோ கண்காணிப்புக் கிணறாகக் காட்ட நினைப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

கிணற்று வாயின் மட்டத்தை அளக்கும்போது கவனம் வேண்டும். நீர்மட்டச் சரிவு 0.004 என்றால், 50 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு கிணறுகளுக்கு இடையே 20 சென்டிமீட்டர்தான் வித்தியாசம். அளவில் 5 சென்டிமீட்டர் பிசகினால் நாலில் ஒரு பங்கு தவறு. நீரோட்டத் திசையே மாறிப்போகலாம். முறையான நில அளவையாளரை வைத்து ஒரே நாளில் எல்லாக் கிணறுகளையும் அளந்து, கையெழுத்திட்ட தாளை வாங்கி வையுங்கள். தோண்டும்போது கிடைத்த மண் அடுக்கு விவரமும் ஒவ்வொரு கிணற்றுக்கும் வேண்டும். தோண்டுபவர் கிளம்பும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு கேட்டால் நினைவிலிருந்து எழுதித் தருவார்கள்.

நீர் எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் அப்போதே கணக்கிடலாம். மண்ணின் நீர்க்கடத்துதிறன் நாளுக்கு 5 மீட்டர், சரிவு 0.004, நுண்துளைப் பங்கு 0.25 என்றால், 5 × 0.004 ÷ 0.25 = நாளுக்கு 0.08 மீட்டர், ஆண்டுக்கு ஏறத்தாழ 29 மீட்டர். காவல் கிணறு மாசு நுனியிலிருந்து 60 மீட்டர் தள்ளி இருந்தால், ஒரு மாற்றம் அங்கே தெரியவே இரண்டு ஆண்டு ஆகும். ஆறு மாத அளவீட்டை வைத்து ‘காவல் கிணறு சுத்தம்’ என்று எழுதினால் யாரும் ஏற்க மாட்டார்கள், ஏற்கவும் கூடாது.

5. மாதிரி எடுப்பது

வாளியை இறக்கி அள்ளி எடுத்த நீரில் காற்று கலந்துவிடும், பென்சீன் ஆவியாகிப் போகும். மெதுவாக இறைக்கும் முறையைக் கேளுங்கள்: நிமிடத்துக்கு 100 முதல் 500 மி.லி., கிணற்று நீர்மட்டம் 10 சென்டிமீட்டருக்கு மேல் இறங்கக் கூடாது. மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, தொடர்ந்து மூன்று அளவுகள் நிலைத்த பிறகே குப்பியை நிரப்ப வேண்டும். பிஎச் 0.1-க்குள், மின்கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள், கரைந்த ஆக்சிஜன் 10 சதவீதத்துக்குள் நின்றால் நிலைத்ததாகக் கொள்வது வழக்கம். அந்த அளவுகளைக் களத்திலேயே தாளில் எழுத வேண்டும். எங்கள் கோப்பில் முதல் நான்கு சுற்றுகளுக்கு அந்தத் தாள் இல்லை. நான்கையும் தள்ளிவிட்டார்கள். ஓர் ஆண்டு உழைப்பு.

ஆவியாகும் சேர்மங்களுக்கு 40 மி.லி. கண்ணாடிக் குப்பி. பிஎச் 2-க்குக் கீழ் வரும்படி ஹைட்ரோகுளோரிக் அமிலம் சேர்த்து, குமிழி இல்லாமல் நிரப்பி, மூடித் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள். குமிழி தெரிந்தால் வேறு குப்பியில் எடுக்க வேண்டும். 4 டிகிரி செல்சியஸ் அளவில் வைத்து 14 நாளுக்குள் ஆய்வு முடிய வேண்டும். நைட்ரேட்டுக்குக் கெடு 48 மணி நேரம்தான். வார இறுதிக்கு முந்தைய நாள் மாதிரி எடுக்காதீர்கள். கரைந்த ஆக்சிஜனையும் இரும்பின் ஃபெரஸ் வடிவத்தையும் களத்திலேயே அளக்க வேண்டும், வழியிலேயே மாறிவிடும்.

யார் எடுத்தது, யாரிடம் கொடுத்தது, எத்தனை மணிக்கு என்ற ஒப்படைப்புச் சீட்டு ஒவ்வொரு பெட்டிக்கும் வேண்டும். பத்து மாதிரிக்கு ஓர் இரட்டை மாதிரியும், ஒவ்வொரு பெட்டியிலும் தூய நீர் நிரப்பிய ஒரு சோதனைக் குப்பியும் சேர்க்க மறக்காதீர்கள்.

6. மூன்று வகைச் சான்று

முதல் சான்று, மாசின் அளவு காலப்போக்கில் குறைகிறது என்பது. இதற்கு மான்-கெண்டால் என்ற புள்ளியியல் சோதனையைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். நான்கு அளவீடு இருந்தாலே கணக்குப் போடலாம் என்று படித்துவிட்டு நாங்கள் நான்கோடு போனோம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: நான்கு எண்களை 24 விதமாக வரிசைப்படுத்தலாம், அதில் முழு இறங்குவரிசை ஒன்றே ஒன்று. தற்செயலாக அது அமைய 24-இல் ஒரு வாய்ப்பு, அதாவது ஏறத்தாழ 4 சதவீதம். நான்கும் வரிசையாக இறங்கினால்தான் 95 சதவீத உறுதியைத் தொட முடியும். ஒன்று பிசகினாலும் சான்று போயிற்று. குறைந்தது எட்டுச் சுற்று, அதாவது மூன்று மாதத்துக்கு ஒன்றாக இரண்டு ஆண்டு, என்று திட்டமிடுங்கள். அப்போதுதான் மழைக்கால ஏற்றமும் கோடைக்கால இறக்கமும் இரண்டு முறையாவது அடங்கும். நீர்மட்டத்தையும் அதே படத்தில் வரையுங்கள். மழையால் நீர் பெருகி மாசு நீர்த்துப் போனதைத் தணிவு என்று சொல்லிவிடாமல் இருக்க அது உதவும்.

இரண்டாவது சான்று, ஏன் குறைகிறது என்பது. என் கருத்தில் கோப்பின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நுண்ணுயிரிகள் பெட்ரோலைச் சிதைக்க முதலில் ஆக்சிஜனையும், அது தீர்ந்ததும் நைட்ரேட், மாங்கனீசு, இரும்பு, சல்ஃபேட் என்று வரிசையாகவும் பயன்படுத்தும். கடைசியில் மீத்தேன் உண்டாகும். ஆகவே மேல்பக்கக் கிணற்றோடு ஒப்பிட்டால் மாசுத்திரளுக்குள் ஆக்சிஜன், நைட்ரேட், சல்ஃபேட் மூன்றும் குறைந்தும், கரைந்த இரும்பும் மீத்தேனும் கூடியும் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள். வெறுமனே நீர்த்துப்போயிருந்தால் இந்தத் தடயம் இருக்காது.

இதை எண்ணிக்கையிலும் காட்டலாம். 1 மில்லிகிராம் பென்சீன் முழுதும் சிதைய ஏறத்தாழ 3.1 மில்லிகிராம் ஆக்சிஜன் வேண்டும். சல்ஃபேட் வழியில் என்றால் 4.6 மில்லிகிராம். மேல்பக்க நீரில் சல்ஃபேட் லிட்டருக்கு 46 மில்லிகிராம் இருந்தால் கணக்களவில் 10 மில்லிகிராம் பென்சீனுக்கு அது போதும். மற்ற சேர்மங்களும் அதே இருப்பைத்தான் பங்கிடும் என்பதால் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இந்த ஒரு பக்கக் கணக்கை இரண்டாம் விண்ணப்பத்தில் சேர்த்தோம். பரிசீலனைக் கூட்டத்தில் அதிக நேரம் பேசப்பட்டது இந்தப் பக்கம்தான்.

இதே இடத்தில் ஒரு பொறியும் இருக்கிறது. இரும்பு ஆக்சைடுகள் கரையும்போது அவற்றில் ஒட்டியிருந்த ஆர்செனிக்கும் வெளியே வரலாம். பென்சீனைத் துரத்திவிட்டு ஆர்செனிக்கை வரவேற்றதாக ஆகிவிடக் கூடாது. முதல் ஆண்டிலேயே ஆர்செனிக்கையும் மாங்கனீசையும் பட்டியலில் சேருங்கள்.

மூன்றாவது சான்று, நுண்ணுயிரிகளை நேரடியாகக் காட்டுவது. பெட்ரோல் மாசுக்கு முதல் இரண்டும் வலுவாக இருந்தால் பெரும்பாலும் இது தேவைப்படாது. குளோரின் கரைப்பான்களுக்குத் தேவைப்படலாம். வினைல் குளோரைடை எத்தீன்வரை கொண்டுபோகும் டிஹாலோகாக்காய்டிஸ் போன்ற நுண்ணுயிரிகள் அங்கே இருக்கின்றனவா என்று மரபணுச் சோதனையில் பார்க்கலாம். கார்பன் ஐசோடோப்பு விகிதத்தையும் அளக்கலாம்: சிதைவு நடந்தால் மிஞ்சிய மாசில் கனமான கார்பனின் பங்கு கூடும், நீர்த்துப்போனால் விகிதம் மாறாது. இவை செலவு மிகுந்த சோதனைகள். அலுவலகம் கேட்கிறதா என்று தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

7. எத்தனை ஆண்டு ஆகும்?

‘நியாயமான காலம்’ என்பார்கள். எல்லோருக்கும் பொருந்தும் ஒரே எண் அதற்கு இல்லை. நேரடியான சுத்திகரிப்பு முறைகள் எடுத்துக்கொள்ளும் காலத்தோடு ஒப்பிட்டுத்தான் முடிவெடுக்கிறார்கள். எனவே அந்த ஒப்பீட்டை நீங்களே செய்து கொடுங்கள்.

கணக்கு எளிது. கசிந்த இடத்துக் கிணற்றில் பென்சீன் லிட்டருக்கு 500 மைக்ரோகிராம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகிறது. இலக்கு 5 மைக்ரோகிராம். ஏழு முறைக்குச் சற்றுக் குறைவாகப் பாதியாக வேண்டும், ஏறத்தாழ 20 ஆண்டு. இலக்கு உலக சுகாதார நிறுவனத்தின் 10 மைக்ரோகிராம் என்றால் 17 ஆண்டு. இலக்கை எழுத்தில் வாங்கச் சொன்னது இதனால்தான்.

நாங்கள் செய்த பெரிய தவறும் இங்கேதான். ஒரே நாளில் வரிசையாக உள்ள கிணறுகளின் அளவை எடுத்து, தூரத்தோடு மாசு எப்படிக் குறைகிறது என்று பார்த்தோம். அந்த வேகத்தை வைத்து ஆறே ஆண்டு என்று எழுதிவிட்டோம். தூரத்தோடு குறையும் வேகம் மாசுத்திரள் எவ்வளவு நீளம் போகும் என்பதைத்தான் சொல்லும். எப்போது தீரும் என்பதை, மூலத்துக்கு அருகிலுள்ள ஒரே கிணற்றில் ஆண்டுக்கு ஆண்டு நடக்கும் மாற்றம்தான் சொல்லும். இரண்டையும் குழப்பினால் விண்ணப்பம் முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும்.

8. அந்த நீரைத் தொடுபவர் யார்?

சுற்றியுள்ள எல்லாக் கிணறுகளையும் வீடு வீடாகப் போய்ப் பதிவு செய்யுங்கள். அரசுப் பட்டியலில் இல்லாதவை நிச்சயம் இருக்கும். ஓடை, ஏரி எவ்வளவு தூரம் என்று குறியுங்கள். மாசுத்திரளின் மேல் கட்டடம் இருந்தால் மண்ணிலிருந்து ஆவி உள்ளே ஏறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். 20 ஆண்டு காத்திருக்கும் திட்டம் என்றால், அத்தனை காலமும் அந்த இடத்தில் யாரும் புதிதாகக் கிணறு தோண்டாமல் இருக்க சட்டப்படியான ஏற்பாடு வேண்டும். நிலப் பத்திரத்தில் கட்டுப்பாட்டைப் பதிவது ஒரு வழி. மாசு பக்கத்து நிலத்துக்கும் போயிருந்தால் அந்த உரிமையாளரிடம் தாமதிக்காமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அறிவிப்புத் தாளைப் பார்த்து அவர் தெரிந்துகொண்டால் எதிர்ப்பு வரும். அந்த எதிர்ப்பில் நியாயமும் இருக்கும். அது அவர் குடிக்கும் நீர்.

9. மாற்றுத் திட்டம்

‘தேவைப்பட்டால் வேறு முறை பரிசீலிக்கப்படும்’ என்று ஒரு வரி எழுதியிருந்தோம். அதைச் சிவப்பு மையில் சுழித்து அனுப்பினார்கள். எது நடந்தால், எத்தனை நாளில், எந்த முறை என்ற மூன்றும் வேண்டும். எங்கள் ஏற்கப்பட்ட திட்டத்தில் இப்படி இருக்கிறது: காவல் கிணற்றில் பென்சீன் தெரிந்தால் 30 நாளுக்குள் மறு மாதிரி, மறுபடியும் தெரிந்தால் காற்றுச் செலுத்தும் அமைப்பை நிறுவும் பணி தொடங்கும், ஐந்தாம் ஆண்டு முடிவில் அளவு எதிர்பார்த்த கோட்டுக்கு மேலே நின்றாலும் அப்படியே, நிலத்தின் பயன்பாடு மாறினால் முழு மறுபரிசீலனை. அந்த அமைப்புக்கான வரைபடமும் மதிப்பீடும் கோப்போடு இணைக்கப்பட்டுள்ளன.

10. செலவை எப்படிக் கணக்கிடுவது

தொடக்கத்தில் மலிவு, பிறகு முடிவே இல்லாதது போல நீளும். 12 கிணறுகளை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டு ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை: 96 மாதிரி. அடுத்த மூன்று ஆண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை: 72. மீதிப் பதினைந்து ஆண்டு ஆண்டுக்கு ஒருமுறை: 180. மொத்தம் 348, இரட்டை மாதிரிகளையும் சோதனைக் குப்பிகளையும் சேர்க்காமல். இதை உங்கள் ஆய்வகக் கட்டணத்தால் பெருக்குங்கள். களப் பணியாளர் நாட்கூலி, ஆண்டறிக்கை, கெட்டுப்போகும் கிணறுகளுக்குப் பதில் புதியவை, கடைசியில் எல்லாக் கிணறுகளையும் மூடுவது ஆகியவற்றையும் சேருங்கள். மாற்றுத் திட்டத்தின் செலவுக்கு வங்கி உத்தரவாதம் கேட்கப்படலாம். இந்த மொத்தத்தையும், மூன்று நான்கு ஆண்டில் முடியும் நேரடிச் சுத்திகரிப்பின் செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சில இடங்களில் இயற்கைத் தணிவு மலிவாக இருக்காது. அப்படியென்றால் இங்கேயே நின்று வேறு வழிக்குப் போய்விடுங்கள்.

11. அனுமதி வந்த பிறகு

நிபந்தனைகளை ஒரே தாளில் தேதியோடு எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அளவீட்டுச் சுற்றைக் குறைக்க வேண்டுமானால் தரவோடு எழுத்தில் கேளுங்கள், தானாகக் குறைக்காதீர்கள். ஒரு சுற்று தவறிப்போனால் உடனே தெரிவியுங்கள். ஆய்வகத்தை மாற்றும்போது ஒரு சுற்றுக்காவது பழையதிலும் புதியதிலும் சேர்த்துக் கொடுத்து ஒப்பிடுங்கள். இல்லாவிட்டால் ஆய்வகம் மாறியதால் வந்த இறக்கத்தைத் தணிவாக எடுத்துக்கொள்ள நேரும்.

இலக்கைத் தொட்டதும் வேலை முடிந்துவிடாது. நீர்மட்டம் ஏறி, மேல் மண்ணில் மிஞ்சிய எண்ணெயைத் தொட்டால் அளவு மறுபடி எழும். அதனால் இலக்குக்குக் கீழே வந்த பிறகும் உயர் நீர்மட்டக் காலம், தாழ் நீர்மட்டக் காலம் இரண்டும் அடங்கும்படி சில சுற்றுகள் தொடர்ந்து காட்டச் சொல்வார்கள். அதன் பிறகு கிணறுகளை பெண்டோனைட் களிமண்ணாலோ சிமென்டாலோ அடியிலிருந்து மேல்வரை அடைத்து, ஒவ்வொன்றுக்கும் மூடிய பதிவு வாங்க வேண்டும். திறந்து கிடக்கும் கண்காணிப்புக் கிணறு, மேலிருந்து புதிய மாசு நேரே இறங்கும் வழி. நிலப் பத்திரக் கட்டுப்பாட்டை நீக்க இந்தப் பதிவுகளைத்தான் கேட்பார்கள். கிணற்றின் எண்ணும் ஆழமும் தோண்டியபோது எழுதிய தாளோடு பொருந்துகிறதா என்று அப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.